அத்தானின் பிஸ்ரலுக்கு எந்த ரவை?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மருமகன் வாட்ஸ்அப்பில் பதினொரு படம் அனுப்பினான். பத்துப் படத்தில் சின்னச் சின்ன அட்டைப்பெட்டி மூடிகள். பதினோராவதில் ஒரு பிஸ்ரல். கூடவே ஒரு குரல் செய்தி: “மாமா, அப்பா இந்த மூடியளில பென்சிலால என்னவோ எழுதி வச்சிருக்கிறார். எனக்கு வாசிக்கத் தெரியேல்ல. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ. இதுக்கு என்ன ரவை வாங்கிறதெண்டும் சொல்லுங்கோ.”

அவன் சுவிஸில், பேர்னில் பிறந்து வளர்ந்தவன். எங்களைப் போலவே கதைப்பான், எழுத்து மட்டும் வராது. அவனுடைய தகப்பன், என் அத்தான், போன மார்கழியில் மோசம் போய்விட்டார். அவர் விட்டுப் போனவற்றில் இந்த ஹெமர்லி 208எஸ்ஸும் ஒன்று. குறிப்பலகையில் ஓட்டை போடுவதைத் தவிர வேறு எதற்கும் செய்யப்படாத .22 பிஸ்ரல், அதாவது குழல் வாய் கால் அங்குலத்துக்கும் குறைவு. நானும் சுவிஸில் 22 வருசம் இருந்தவன். கடைசி எட்டு ஒன்பது வருசம் அத்தானோடு ஒரே கழகத்தில் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் சுட்டிருக்கிறேன். இப்போது கோண்டாவிலில் நானும் நாற்பது வாழையும். என்றாலும் அந்தப் பிஸ்ரலின் சத்தம் காதில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவது கொஞ்சம் ஒருமாதிரித்தான் இருக்கிறது. ரவை, அதன் முனையிலிருந்து பறக்கும் சன்னம், வெடித்தபின் மிஞ்சும் கோது, ரவைகளை அடுக்கும் ரவைக்கூடு என்ற சொற்களை எங்கள் தலைமுறை விளையாட்டு மைதானத்தில் படிக்கவில்லை. தங்கச்சிக்கு இந்தச் சாமான் வீட்டில் இருப்பதே பிடிக்காது. பிறகு, அத்தான் போன பின், “ஊருக்குக் கொண்டு போய் அவற்ற படத்துக்குக் கீழ வைப்பமோ” என்றும் கேட்டாள். அந்தக் கதையே வேண்டாம் என்றேன். இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒன்றையும் வைத்திருக்க முடியாது. சுவிஸிலும் எங்கள் காலத்தில் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தவர்களுக்கு ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ தடை. அத்தானும் நானும் சுவிஸ் குடியுரிமை எடுத்த பிறகுதான் கழகத்துப் படியில் கால் வைத்தோம். மருமகனும் சுவிஸ் குடியுரிமைக்காரன், அவனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. முதுசமாக வந்ததென்றாலும் ஆறு மாதத்துக்குள் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டான்.

சரி, ரவைக்கு வருவோம்.

அவன் முன்னால் நாலு வழி இருந்தது. அப்பா விட்டுப்போன பழைய பெட்டிகளைச் சுட்டு முடிப்பது. கடையில் 500 ரவை ஒன்றாகக் கொட்டி விற்கும் மலிவான, வேகம் கூடிய சாமானை வாங்குவது. ஸ்டான்டர்ட் வேகம் என்று போட்டிருக்கும் நடுத்தர விலை ரவை. அல்லது ஒலிம்பிக்காரர் சுடும் உயர்ந்த ரகம். பெடியன் முதலில் சாய்ந்தது நாலாவதுக்கு. அப்பாவின் சாமான், அதுக்கு நல்லதைத்தானே போடவேண்டும் என்ற நினைப்பு.

வாங்க முதல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு, குழலில் என்ன பொறித்திருக்கிறது என்பது. .22 என்றால் எல்லாம் ஒன்றல்ல. விரைவுச் சூட்டுப் போட்டிக்கென்று வந்த பழைய பிஸ்ரல்கள் பல .22 ஷோர்ட் என்ற குட்டை ரவைக்குச் செய்தவை. வால்தர் ஓஎஸ்பி அப்படி ஒன்று. 2005இல் போட்டி விதி மாறிய பிறகு அந்தக் குட்டை ரவைக்கு வேலை குறைந்துவிட்டது. 208எஸ் எடுப்பது .22 லோங் ரைபிள். மருமகன் பூதக்கண்ணாடி வைத்துப் படம் எடுத்து அனுப்பினான், அதுவேதான்.

இந்த ரவை எப்படி வெடிக்கிறது என்று தெரிந்தால் மிச்சக் கதை லேசு. பெரிய ரவைகளில் அடிப்பாகத்தின் நடுவில் ஒரு தனிக் கிண்ணத்தில் தீமருந்து இருக்கும். .22 போன்ற ரிம்ஃபயர் ரவையில் அப்படி இல்லை. கோதின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய விளிம்புக்குள் தீமருந்தைச் சுற்றிவரப் பூசி வைத்திருப்பார்கள். அடிமுனை அந்த விளிம்பை நசுக்கும்போது பற்றும். சுற்றிவர ஒரே அளவாய்ப் பூசுப்படாவிட்டால் அடி விழுந்த இடத்தில் மருந்து இருக்காது, ‘டிக்’ என்ற சத்தத்தோடு நிற்கும். மலிவு ரவைக்கும் நல்ல ரவைக்கும் முதல் வித்தியாசம் இந்த இடத்தில்தான். இன்னொன்று, சன்னம் வெறும் ஈயம், வெளிப்பக்கம் மெழுகுப் பூச்சு. கையில் எடுத்தால் விரல் பிசுபிசுக்கும். அந்த மெழுகும் குழலும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாவது வழியை, பழைய பெட்டிகளை, எடுப்போம். 2006 தொடக்கம் 2019 வரை தேதி போட்ட மூடிகள். நல்லாய்க் காய்ந்த இடத்தில் வைத்தால் .22 ரவை பத்து இருபது வருசம் தாராளமாகத் தாங்கும். வயது ஒரு குறையே இல்லை. ஆனால் அத்தான் வைத்தது கீழ்வீட்டு அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்து அலுமாரியில். மருமகனிடம் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கோதைப் பார்க்கச் சொன்னேன். நாலு பெட்டியில் பித்தளை பச்சை பூத்திருந்தது. ஒன்றில் சன்னத்தைப் பிடித்துத் திருப்பினால் கோதுக்குள் ஆடியது. அவற்றைக் கதைக்காமல் ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். சுத்தமாய் இருந்தவற்றைப் பயிற்சிக்குச் சுடலாம், அதுவும் ஒவ்வொன்றாக, சத்தத்தைக் கவனித்து.

சத்தத்தை ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு என் கதை ஒன்று. ஒருவர் இலவசமாகத் தந்த பழைய ரவை. மூன்றாவது சூடு ‘புஸ்’ என்று மெலிதாகக் கேட்டது. நான் எரிச்சலில் சிலைட்டை, பிஸ்ரலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் உருக்குத் துண்டை, இழுத்து அடுத்ததை ஏற்றி விரலையும் வைத்துவிட்டேன். பக்கத்துப் பாதையில் நின்ற கிழவர் “ஹால்ட்!” என்று கத்தினார், முழு மண்டபமும் நின்றது. குழலுக்குள் ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தால் பாதி வழியில் முட்டியது. சன்னம் வெளியே போகவேயில்லை. அடுத்ததைச் சுட்டிருந்தால் ஒன்றின் பின் ஒன்று இறுகி, குழல் வீங்கியிருக்கும். கையும் முகமும் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க விருப்பமில்லை. அதே மாதிரி ‘டிக்’ என்று மட்டும் கேட்டால் பிஸ்ரலைக் குறிப்பலகைப் பக்கமே நீட்டிக்கொண்டு முப்பது விநாடி நிற்கவேண்டும். பிந்தி வெடிக்கிற ரவை அருமை, ஆனால் இல்லாமல் இல்லை.

பச்சை பூத்த நாலு பெட்டியையும் மருமகன் துவக்குக் கடையில் கேட்டு ஒப்படைத்துவிட்டான். குப்பையில் போடுவதற்கில்லை.

இரண்டாவது வழியில்தான் நான் கொஞ்சம் கடுமையாகக் கதைத்தேன். வேகம் கூடிய ரவை மலிவு, எங்கும் கிடைக்கும், ‘பலம் கூடினது’ என்று பெட்டியிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள். ரைபிளில், தகரப் பேணி சுடுகிறவர்களுக்கு, அது சரி. ஹெமர்லிக்கு விசம்.

கணக்கைப் பாருங்கள். ஸ்டான்டர்ட் ரவையில் 2.6 கிராம் சன்னம் விநாடிக்கு ஏறக்குறைய 330 மீற்றர் வேகத்தில் போகிறது. வேகம் கூடினதில் அதே எடை, 380 மீற்றர் அளவில். இந்த இலக்கங்கள் நீளமான ரைபிள் குழலுக்கானவை, அத்தானின் பிஸ்ரலில் குழல் 15 செ.மீ.தான், இரண்டுமே குறையும். ஆனால் விகிதம் அப்படியே நிற்கும். வேகம் 15 சதவீதம் கூடினால் சிலைட்டும் 15 சதவீதம் வேகமாகப் பின்னுக்கு வரும். அது மோதுகிற சக்தி மூன்றில் ஒரு பங்கு கூடும். 208எஸ்ஸின் சிலைட் பின்னால் வந்து நிற்கும் இடத்தில் ஒரு சின்னத் தாங்கி இருக்கிறது, அந்த அடியை வாங்குவதற்கென்றே. அது தேய்ந்தால் உருக்கோடு உருக்கு மோதும். இந்தப் பிஸ்ரல் இப்போது உற்பத்தியில் இல்லை. ஹெமர்லி என்ற பெயரே லென்ஸ்பூர்க்கிலிருந்து கிளம்பி, 2006இல் வால்தரின் சொந்தக்காரரான உமாரெக்ஸின் கைக்குப் போய்விட்டது. பிஸ்ரலின் உருக்குச் சட்டகம் வெடித்தால் புதுசுக்கு எங்கே போவது?

மருமகன் விடவில்லை. “ஆனா மாமா, கழகத்தில ஒராள் அதே பிஸ்ரலில அதைத்தான் சுடுறார். ஒண்டும் நடக்கேல்லயே?”

மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னேன். 90களின் தொடக்கத்தில் பெற்றோல் தடை. கார்பரேட்டருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினோம். யாழ்ப்பாணம் முழுக்க அந்தப் புகை. ஓடாது என்று ஒருவரும் சொல்ல முடியாது, ஓடினது. ஆனால் அந்த எஞ்சின்களைப் பிறகு திறந்து பார்த்த மெக்கானிக்குமாரைக் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு வேறு வழியில்லை. அவனுக்கு வழி இருக்கிறது.

துல்லியத்திலும் அதனால் லாபம் இல்லை. சாதாரண வெப்பநிலையில் ஒலியின் வேகம் விநாடிக்கு 340 மீற்றரைச் சுற்றி. வேகம் கூடின ரவை பிஸ்ரல் குழலிலிருந்து வரும்போது அந்த எல்லைக்குக் கிட்டத்தான் வந்து நிற்கும், ஒன்று மேலே, ஒன்று கீழே. அந்த இடத்தில் காற்றின் இழுவை சடாரென்று மாறும். ஸ்டான்டர்ட் ரவை எப்போதும் அந்த எல்லைக்குக் கீழேதான் போகிறது. போட்டிக்காரர் எல்லாரும் மெதுவான ரவையைச் சுடுவது சும்மா இல்லை.

இனி மூன்றாவதா நாலாவதா என்ற கேள்வி. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

நாலாவதில் ஈலி டெனெக்ஸ், லப்புவாவின் மேல் ரகங்கள், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 போன்றவை. மூன்றாவதில் எஸ்கே ஸ்டான்டர்ட் ப்ளஸ், எஸ்கே பிஸ்ரல் மட்ச், சிசிஐ ஸ்டான்டர்ட், ஈலியின் கீழ்ப்படி ரகங்கள். ஒரு வேடிக்கை, லப்புவாவின் .22 ரவையும் எஸ்கேயும் ஜேர்மனியின் ஷோனெபெக்கில் ஒரே தொழிற்சாலையிலிருந்துதான் வருகின்றன. விலை வித்தியாசம் மட்டும் பெரிது. டெனெக்ஸ் ஒரு பெட்டி வாங்கும் காசுக்கு நடுத்தர ரவை இரண்டு மூன்று பெட்டி வரும். அந்தக் காசு எதற்குப் போகிறது என்றால் ஒரே மாதிரித் தன்மைக்கு. ஒவ்வொரு ரவையும் அடுத்ததைப் போலவே இருக்க வேண்டும் என்பதற்கு. பொய் இல்லை, அது உண்மையாகவே கிடைக்கிறது. ஐம்பது மீற்றரில் ரைபிள் வைத்திருப்பவனுக்கு அது புள்ளி.

பிஸ்ரல் 25 மீற்றரில். குறிப்பலகையின் பத்தாம் வளையம் 50 மில்லிமீற்றர் அகலம், ஒரு தேநீர்க் கோப்பையின் அடிப்பக்கம் அளவு. நடுத்தர ரவை 20 மில்லிமீற்றர் வட்டத்துக்குள் போடும் என்று வைத்துக்கொள்வோம், உயர்ந்த ரகம் 12க்குள். மருமகனின் கை எவ்வளவுக்குள் நிற்கும்? அவன் அனுப்பிய அட்டையை அளந்தேன், நல்ல நாளில் 120. இப்படியான பிழைகள் ஒன்றோடொன்று நேராகக் கூடுவதில்லை, வர்க்கங்களாகக் கூடும். 120உம் 20உம் சேர்ந்தால் 122 அளவு. 120உம் 12உம் சேர்ந்தால் 121 அளவு. அவ்வளவுதான். மூன்று மடங்கு காசு கொடுத்து வாங்குவது ஒரு மில்லிமீற்றர். அத்தானின் ஆறாவது மூடியில், டெனெக்ஸ் பெட்டியில், இதே கணக்கை அவர் ஒரு வரியில் முடித்திருந்தார்: “ரவையில் பிழை இல்லை. கை.”

வாசித்துக் காட்டியதும் மருமகன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தான்.

அதற்காக நடுத்தரத்தில் எதையும் எடுக்கலாம் என்றில்லை. ஒவ்வொரு பிஸ்ரலுக்கும் ஒரு வாய் ருசி இருக்கிறது. ஒன்று விரும்பித் தின்பதை இன்னொன்று துப்பும். இங்கே துல்லியத்தைவிடப் பெரிய விசயம், ரவை இடையில் சிக்கிக் கொழுவாமல் ஓடுகிறதா என்பது. ஸ்டான்டர்ட் பிஸ்ரல் போட்டியில் ஐந்து சூட்டுக்கு 150 விநாடி, பிறகு 20, பிறகு 10. பத்து விநாடிக்குள் மூன்றாவது ரவை கொழுவினால் மனம் கலங்கிவிடும், அடுத்த தொடரும் போய்விடும். மூடிகளில் அத்தான் எழுதியிருந்ததெல்லாம் அநேகமாக இதைப் பற்றித்தான். “50இல் கொழுவல் 0.” “குளிர். கொழுவல் 2.” ஒரு மூடியில், பெயரை விடுகிறேன், “எரியவில்லை 3. இனி வேண்டாம்” என்று, ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. எஸ்கே ஸ்டான்டர்ட் ப்ளஸ் மூடி மூன்று இருந்தது, 2009, 2013, 2017. மூன்றிலும் பூச்சியம்தான். மனுசன் பதின்மூன்று வருசமாகப் பரிசோதனை நடத்திப் பதிலையும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் வாசித்ததுதான் மிச்சம்.

ஆனாலும் அப்படியே எடுக்க வேண்டாம் என்றேன். ஸ்பிரிங் அப்போதைய ஸ்பிரிங் அல்ல, கையும் வேறு. இரண்டு மூன்று வகையில் இரண்டு இரண்டு பெட்டி வாங்கி, மணல்மூட்டையில் கையைத் தாங்க வைத்து, வகைக்கு ஐம்பது சூடு, பத்துப் பத்தாக ஐந்து அட்டை. அட்டையில் வட்டத்தையும் கொழுவலையும் எழுதவேண்டும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பதினைந்து இருபது சூட்டைக் கணக்கில் எடுக்கக் கூடாது. முன்னைய ரவையின் மெழுகு குழலுக்குள் இருக்கும், புதியது தன் பூச்சைப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். இது தெரியாமல் ஐந்து சூட்டில் ‘இது சரியில்லை’ என்று நல்ல ரவையைத் தள்ளினவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒன்று பிடித்துக்கொண்டால் பெட்டியில் இருக்கும் தொகுதி இலக்கத்தைப் பார்த்து, அதே இலக்கத்தில் 500 எடுத்து வைப்பது. அடுத்த தொகுதி அதே பெயரில் வந்தாலும் அதே ரவையாய் இருக்கும் என்றில்லை.

“குளிர்” என்று அவர் எழுதினதைப் பற்றியும் ஒரு சொல். சுவிஸ் பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை ஹீற்றரில் வைத்து உருக்காத தமிழ் வீடு இல்லை. ரவையின் மெழுகுக்கும் சிலைட்டில் பூசிய கிறீசுக்கும் அதேதான் நடக்கிறது. வெளிப்பக்கம் திறந்த சூட்டுத்தளத்தில் தை மாதம் நின்றால் எல்லாம் இறுகும், சிலைட் முழுத் தூரம் போகாமல் திரும்பும், கோது வாயில் கடிபட்டுக்கொண்டு நிற்கும். ரவையைக் குறை சொல்ல முதல் கிறீசைத் துடைத்துவிட்டு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். ரவைப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்துச் சூடாக்குவது அத்தானின் வழக்கம். நானும் செய்திருக்கிறேன், வேலை செய்கிறது.

பராமரிப்பில் மருமகன் கேட்டது, ஒவ்வொரு முறையும் முழுக்கக் கழற்றிக் கழுவுவதா, அல்லது அப்பாவைப் போல் துடைத்துவிட்டு வைப்பதா என்று. கழகத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களாம். நான் அப்பாவின் பக்கம். இந்தக் காலத்து .22 ரவையின் புகை குழலை அரிக்காது, சன்னம் மெழுகு பூசின ஈயம். செம்பு கரைக்கும் காரமான திரவத்துக்கு அங்கே வேலை இல்லை. தேய்ந்துபோன .22 குழல்களில் கணிசமானவை சுட்டுத் தேய்ந்தவையல்ல, உரஞ்சித் தேய்ந்தவை. முன்வாயால் இரும்புக் கம்பியை விட்டு இழுத்து இழுத்து, சன்னம் கடைசியாய்த் தொட்டுவிட்டுப் போகும் அந்த விளிம்பைக் காயப்படுத்திவிடுவார்கள். அதில் ஒரு சின்ன வடு விழுந்தால் டெனெக்ஸும் காப்பாற்றாது. கயிற்றில் கட்டிய துணியையோ கம்பளித் துண்டையோ பின்பக்கத்தால் விட்டு முன்பக்கத்தால் இழுக்கவேண்டும். சில நூறு சூட்டுக்கு ஒரு தடவை போதும், அல்லது அட்டையில் வட்டம் பெருக்கும்போது.

ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியது வேறு இடத்தில். ரவை உட்காரும் அறையின் முன் விளிம்பில் கரிய வளையம் ஒன்று பிடிக்கும். கோதை இழுத்தெடுக்கும் நகத்தின் அடியில் மெழுகும் கரியும் சேர்ந்து கறுத்த களிபோல இருக்கும். பல்லுக்குத்தும் குச்சியின் முனையால் அதைக் கிண்டி எடுத்தால் ஒரு அரிசியளவு வரும். அந்த அரிசியளவுதான் பாதிக் கொழுவலுக்குக் காரணம். ரவைக்கூட்டையும் கழற்றித் துடைக்கவேண்டும், ஆனால் உள்ளே எண்ணெய் விடக் கூடாது, தூசு ஒட்டும்.

எண்ணெய்ச் சண்டையில் நான் இறங்குவதில்லை. பலிஸ்ரோல், புருனொக்ஸ், எதுவும் நல்லது, கொஞ்சமாய் விட்டால். அம்மாவின் சிங்கர் மெஷினுக்கு விட்ட மாதிரி, ஒரு சொட்டு, துடைப்பு.

வெறும் பிஸ்ரலை விசை இழுத்துப் பழகுவது பற்றி மட்டும் கண்டிப்பாய் இருந்தேன். நடுவில் அடிக்கும் துவக்குகளில் அது பரவாயில்லை. ரிம்ஃபயரில் அடிமுனை விளிம்பை அடிக்கும்படி செய்தது, அங்கே கோது இல்லாவிட்டால் குழலறையின் ஓரத்தில் போய் விழலாம். மெதுவாய் ஒரு பிசிர் எழும்பும், பிறகு ரவை ஏறவும் இறங்கவும் அடம்பிடிக்கும். பிளாஸ்டிக்கில் செய்த பயிற்சி ரவை விற்கிறார்கள், அதைப் போட்டுத்தான் பழகவேண்டும்.

உயர்ந்த ரவை வாங்காமல் மிச்சம் பிடிக்கிற காசில் முதல் செலவு துவக்குத் திருத்துபவரிடம் ஒரு தடவை கொண்டு போவது. ஸ்பிரிங் மாற்றுவது, அந்தச் சின்னத் தாங்கியைப் பார்ப்பது, அடிமுனையைப் பார்ப்பது. விசை இழுவை ஆயிரம் கிராமுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி. பழசாகித் தேய்ந்த விசை சில வேளை அதற்குக் கீழே இறங்கியிருக்கும், அது போட்டியில் நீக்கம் மட்டுமல்ல, ஆபத்தும். தங்கச்சி இதைக் கேட்டுவிட்டு “அவர் ஒருநாளும் அப்பிடிக் கொண்டுபோகேல்ல” என்றாள். ஓம், அதனால்தான் இப்போது கொண்டுபோக வேண்டும்.

பிடி ஒரு சங்கடம். வால்நட் மரத்தில், அத்தானின் உள்ளங்கைக்கு அளவாய் அவரே அரத்தால் ராவி, மரப்பசை வைத்து நிரப்பியது. மருமகனின் கை பெரியது. ராவிப் பெருக்கட்டுமா என்றான். புதிதாய் ஒன்று வாங்கிப் போடு, அதைத் தொடாதே என்றேன். இது ரவைக் கணக்கில் வராது, மாமாவின் கணக்கு.

ஈயத்தைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறது. சன்னத்திலும் தீமருந்திலும் ஈயம். சுட்டு முடிந்தால் அங்கேயே குளிர்ந்த தண்ணீரிலும் சவுக்காரத்திலும் கை, முகம் கழுவவேண்டும், அதுக்கு முதல் பணிஸ் சாப்பிடக் கூடாது. பிள்ளையைத் தூக்க முதல் சேட்டை மாற்றவேண்டும். பிஸ்ரலும் ரவையும் பூட்டுக்குள், ஒன்றுக்கொன்று தனியாக. காரில் கொண்டு போகும்போதும் ரவைக்கூட்டில் ஒரு ரவையும் இருக்கக் கூடாது என்பது அங்கத்தைய சட்டம்.

தேருக்கு வந்து நிற்கப் போகிறான் என்பதால் இன்னொன்றும் சொல்லி வைத்தேன். சுடப் போகும் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்காதே. பொக்கற்றின் மூலையில் கிடக்கும் ஒரு ரவை அங்கே மறதி, இங்கே வழக்கு. வெறும் கோதும் வேண்டாம். இங்கே கிணறு இறைத்தாலும் காணி கொத்தினாலும் எங்களுக்குப் போதிய அளவு வருகிறது.

போன கிழமை முடிவு வந்தது. ஸ்பிரிங்கும் தாங்கியும் மாற்றியாயிற்று. மூன்று வகை சுட்டுப் பார்த்தான். எஸ்கே ஸ்டான்டர்ட் ப்ளஸ் ஐம்பதில் பூச்சியம் கொழுவல், இன்னொன்று ஒன்று, மற்றது நாலு. வட்டத்தில் மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஒரே தொகுதியில் 500 எடுத்துவிட்டான். போட்டி நாளுக்கென்று பிஸ்ரல் மட்ச் இரண்டு பெட்டி, அது வேண்டாத செலவு என்றேன், கேட்கவில்லை. வயது அப்படி.

பத்தாவது மூடியை மட்டும் நான் வாசிக்காமல் விட்டிருந்தேன். அவன் விடவில்லை, அதிலும் ரவைக் கணக்குத்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான். வாசித்தேன்: “ஒடியல் மா 1, முருங்கைக்காய் 3 கட்டு, ராசவள்ளி.” தமிழ்க் கடைக்குப் போகும் வழியில் கையில் கிடைத்த அட்டையில் எழுதியிருக்கிறார்.

“ராசவள்ளியெண்டா என்ன மாமா? அதுவும் ஒரு கொம்பனியோ?”